ஒரு நூல் தப்பினால் ஒரு விரல்!

எங்கள் ஊர் ஆசாரியிடம் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் வாயால் சொல்ல மாட்டார். கையை விரித்துக் காட்டுவார். ஐந்நூறா, நானூற்றைம்பதா என்று நமக்குக் குழப்பமாகிவிடும். காரணம், இடது கை ஆள்காட்டி விரலில் மேல் பாதி கிடையாது!

"பத்துக்கு ஒம்பதரை இருக்குது தம்பி. தொண்ணூத்தஞ்சு மார்க். உங்க ஆபீஸ்ல யாராச்சும் வாங்குவானா?" என்று அவரே சிரிப்பார். நாமும் சிரிப்போம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக உறுத்தும்.

எனக்கு ஊர் படவேடு. சம்புவராயர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர். அவர்கள் போய்விட்டார்கள், ரேணுகாம்பாள் இருக்கிறாள். ஆடி வெள்ளி வந்தால் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. இந்தப் பக்கம் ஜவ்வாது மலை, அந்தப் பக்கம் பட்டுத் தறிச் சத்தம் கேட்கும் ஆரணி. நான் இரண்டுக்கும் பிரயோஜனமில்லாமல் பட்டணத்தில் ஃபைல் தள்ளிக் கொண்டிருக்கிறேன். லீவுக்கு ஊர் வந்தால் மட்டும் 'நானும் ஒரு தச்சன்' என்று இழைப்புளியைத் தூக்கிக் கொண்டு அலைவேன். (என் மனைவி இதை வியாதி லிஸ்ட்டில் சேர்த்திருக்கிறாள்.)

அப்படி ஒரு ஆடி மாதம், வீட்டுப் பூஜை அறையில் அம்மன் படத்தின் ஃபிரேம் மூலை வாயைப் பிளந்து, கண்ணாடி சரிந்து நின்றது. அம்மா பதறிவிட்டாள். "அம்மன் என்னமோ சொல்றாடா!"

அம்மன் சொன்னது ஒன்றுதான். ஆணி அடித்தவன் சரியாக அடிக்கவில்லை.

மூலை ஏன் வாயைப் பிளக்கிறது?

ஃபிரேமின் நாலு மூலையிலும் மரத்தை 45 டிகிரியில் சாய்வாக அறுத்து ஒட்டுவார்கள். பார்க்க அழகு. பலம் என்று பார்த்தால் பூஜ்யம்! மரம் என்பது நெட்டுக்கு ஓடும் மெல்லிய குழாய்களின் கட்டு. பக்கவாட்டில் பசை தடவினால் கெட்டியாகப் பிடிக்கும். குழாய் வாயில் தடவினால் பசையை உள்ளே உறிஞ்சிக் கொண்டு 'இன்னும் கொண்டா' என்று நிற்கும். சாய்வாக அறுத்த முனையில் தெரிவதெல்லாம் குழாய் வாய்கள்தான். அதன் மேல் இரண்டு ஆணி. மழைக் காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். நாலைந்து வருஷத்தில் ஆணி லூசாகி, மூலை பல்லை இளித்துவிடும்.

இதற்கு வைத்தியம் ஒன்று உண்டு. ஒட்டிய மூலைக்கு வெளிப்பக்கமிருந்து ஒரு மெல்லிய பள்ளம் அறுத்து, அதில் ஒரு மரச் சில்லைப் பசை தடவிச் செருகிவிட வேண்டும். வெளிநாட்டுத் தச்சர்கள் 'ஸ்ப்ளைன்' என்பார்கள். எங்கள் ஆசாரி 'சிம்பு' என்பார். சிம்பு இரண்டு கட்டைகளையும் குறுக்கே தாண்டிப் பிடித்துக் கொள்ளும். பசையும் இப்போது குழாய் வாயில் இல்லை, பக்கவாட்டில் பிடிக்கிறது.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவு மட்டும் இருந்தால் அது துணியா? ஊடை குறுக்கே போனால்தானே புடவை! மூலைக்கு ஊடை போடுகிற வேலைதான் சிம்பு.

பள்ளத்தின் அகலம் எவ்வளவு? வட்ட ரம்பத்தின் பிளேடு தடிமன்தான். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். தச்சன் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல் என்றால், இது ஒரு நூல். நெசவாளி வீட்டில் நூல் என்றால் இழை; ஆசாரி வீட்டில் நூல் என்றால் அளவு. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் பிழைப்பும் நூலில்தான் தொங்குகிறது.

ஒரு நூல் தூரத்தில்...

ஃபிரேமை எடுத்துக் கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறை என்றால் தகரக் கொட்டகை. நடுவில் இரும்பு ஆங்கிளில் ஒரு மேஜை. அடியில் மோட்டார், பெல்ட். மேலே பாதி உடம்பை நீட்டிக் கொண்டு 10 அங்குல வட்ட ரம்பம். மூடி? கிடையாது. பிளேடுக்குப் பின்னால் மரம் கவ்விக் கொள்ளாமல் தடுக்கும் தகடு? அதுவும் கிடையாது. முதல் நாளே கழற்றிப் போட்டாயிற்று. "அதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல் தம்பி!"

சிம்பு விஷயத்தைச் சொன்னேன். "இவ்ளோதானா?" என்றார். கண்ணாடியையும் படத்தையும் கழற்றினார். பழைய ஆணிகளைப் பிடுங்கினார். மூலைகளைத் திரும்ப ஒட்டிக் காயவைத்து, மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் போனேன். ஃபிரேமை நிமிர்த்தி, மூலை கீழே வரும்படி இரண்டு கையாலும் பிடித்தார். சுவிட்சைத் தட்டினார். ஓடுகிற பிளேடு மேல் அப்படியே தள்ளினார். தாங்கலுக்கு ஒரு துண்டு ரீப்பர், அவ்வளவுதான். மூலை என்பது ஒரு புள்ளி. புள்ளியில் நிற்கிற பொருள் ஆடாமல் என்ன செய்யும்?

'டங்!'

ஃபிரேம் ஆசாரி கையை விட்டு எகிறி, என் காதை உரசிக் கொண்டு போய்த் தகரத்தில் மோதி விழுந்தது. அவர் கை? மேஜை மேல் இருந்தது, பிளேடுக்குப் பக்கத்தில். எவ்வளவு பக்கத்தில்? அளந்தெல்லாம் பார்க்கவில்லை. ஒரு நூல் இருக்கும்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக் கொண்டிருந்தது. பிறகு ஆசாரி மெதுவாகக் கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். "ஒம்பதரை. சரியா இருக்குது" என்றார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

விநாடிக்கு 1,800 பல்!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். (குமாஸ்தா புத்தி!) மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 10 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு சுமார் 134 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 40 பல் பிளேடு என்றால், ஒரு விநாடிக்கு 1,800க்கு மேல் பற்கள் நம் முன்னால் கடந்து போகின்றன. சுட்டதும் கையை இழுத்துக் கொள்கிறோமே, அதற்கு நமக்குக் கால் விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்குள் 450 பல் கடித்துவிட்டுப் போயிருக்கும். வலி என்கிற தந்தி போய்ச் சேரும்போது விரல் இருக்காது, ஸார்!

இன்னொரு வில்லங்கம். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அமுக்குகின்றன. பின்பக்கப் பற்கள் கீழேயிருந்து மேலே எழும்புகின்றன. மரம் சற்றே கோணிப் பின்பல்லில் மாட்டினால், அதைத் தூக்கி நம்மை நோக்கியே வீசும். மரத்தைப் பிடித்திருந்த கையையும் சேர்த்துப் பிளேடு பக்கம் இழுக்கும். எங்கள் ஃபிரேம் பறந்தது அப்படித்தான்.

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். கவனம் என்பது என்ன? சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசில் கூட்டல் போடும்போது நமக்கு இருக்கிறதே, அதுதான். நமக்குத் தப்பினால் ஃபைலில் சிவப்பு மை. ஆசாரிக்குத் தப்பினால் அது மை இல்லை.

வேலூர் டாக்டர் கண்ட பாடம்

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில்! டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டினார். உலகமே திரும்பிப் பார்த்தது.

நிமிர்ந்த கைக்குப் பிழைப்பு வேண்டுமே? குணமானவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். அங்கேதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. அந்தக் கைகளில் உணர்ச்சி கிடையாது. உளி கீறினாலும், கைப்பிடி உரசிக் கொப்பளித்தாலும் தெரியாது. அதுவரை 'தொழுநோய் விரலைத் தின்கிறது' என்றுதான் ஊர் சொல்லிக் கொண்டிருந்தது. விரல் குறையக் காரணம் வலி தெரியாமல் படுகிற காயங்களே என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். வலி சாபமில்லை, வரம் என்று கடைசிவரை சொன்னார். 2003-ல் காலமானார்.

அவர் அந்தக் கைகளிடம் 'கவனமா இரு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தக் கைக்கு ஏற்றபடி கருவியையும் வேலை முறையையும் பார்க்க ஆரம்பித்தார். ரம்பத்துக்கு முன்னால் நாம் எல்லோருமே உணர்ச்சியில்லாத கைக்காரர்கள்தான். வலி வந்து எச்சரிக்க அது நேரமே கொடுப்பதில்லை. அப்புறம் கையைத் திருத்தி என்ன பயன்? மேஜையைத்தான் திருத்த வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்று ஒருவர். பௌதிகம் படித்த வக்கீல். 1999-ல் ஒரு ஐடியா பிடித்தார். பிளேடில் மெல்லிய மின் சமிக்ஞையை ஓடவிட்டார். ஈரப் பசையுள்ள உடம்பு பட்டதும் சமிக்ஞை மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களில் மாட்டி, 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும்! 'சாஸ்டாப்' என்ற பெயரில் 2004-ல் விற்பனைக்கு வந்தது. ஹாட்டாக் என்கிற இறைச்சித் துண்டை வைத்துக் காட்டுவார். ஒரு தடவை தன் விரலையே வைத்துக் காட்டினார். லேசான கீறலோடு தப்பியது.

ஆனால் அதன் விலையைக் கேட்டால் எங்கள் ஆசாரி மிச்ச விரலையும் அடகு வைக்க வேண்டியிருக்கும். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான மிஷின்களுக்குத் தடுப்புப் போடச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் உள்ள இடமென்றால் பத்து பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. ஆசாரி பட்டறையில் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் ஆசாரி, இன்னொருவன் கையாள் பையன். சட்டம் எட்டிப் பார்க்கிற கூட்டமில்லை.

ஆகவே, பிளைவுட்!

அம்மனுக்கு ஒரு பல்லக்கு

மறுநாள் நானும் ஆசாரியும் உட்கார்ந்து ஒரு 'ஜிக்' செய்தோம். ஜிக் என்றால், அறுக்க வேண்டிய பொருளைத் தன் மடியில் வைத்துக் கொண்டு பிளேடு மேல் நேராகப் போய் வருகிற சட்டம். கை மேலே இருக்கும். வேலை கீழே நடக்கும்.

முதலில் பிளேடுக்கு இணையாக 2 அங்குலத் தடிமனில் ஒரு நேரான தேக்குக் கட்டையை மேஜையில் இறுக்கினோம். இதுதான் தண்டவாளம். முக்கால் அங்குல பிளைவுட்டில் 15 அங்குல நீளம், 12 அங்குல உயரத்தில் ஒரு பலகை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அதே நீளத்தில் ஒரு குட்டைப் பலகை. இரண்டையும் மேலே ஒரு கட்டை வைத்து இணைத்தோம். கழுதை மேல் சேணம் போட்ட மாதிரி தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தது. ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் வழுக்கிக் கொண்டு ஓடியது. முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் ஆடாது.

பெரிய பலகையின் முகத்தில், ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டைகள் இரண்டை 45 டிகிரி சாய்வில் 'வி' வடிவமாகப் பொருத்தினோம். இரண்டுக்கும் நடுவே மூலைமட்டம் வைத்தால் சுத்தமாக 90 டிகிரி காட்ட வேண்டும். இந்த மடியில்தான் ஃபிரேமின் மூலை உட்காரும். மடியின் அடிப்புள்ளி மேஜையிலிருந்து அரை அங்குல உயரத்தில். பிளேடு ஒன்றரை அங்குலம் எழும்பி நின்றால், ஃபிரேம் மூலைக்குள் ஒரு அங்குலம் போகும். எங்கள் ஃபிரேம் சட்டம் ஒன்றரை அங்குல அகலம். ஆகவே கண்ணாடி உட்காரும் படிவரை வெட்டு போகாது.

இங்கேதான் எங்கள் மேதாவித்தனம் வெளிப்பட்டது. 'வி' கட்டைகளைப் பசை போதாதென்று கீழ்நுனியிலும் ஸ்குரூ போட்டு இறுக்கினேன். போட்டது நான்தான், ஒப்புக் கொள்கிறேன். முதல் ஓட்டத்தில் சர்ரென்று தீபாவளி மத்தாப்பு! பிளேடு போகிற பாதையில் இரும்பு. இரண்டு பல் காலி. புது பிளேடு என் செலவில். அப்புறம் மேஜையிலிருந்து 3 அங்குலத்துக்குக் கீழே ஒரு ஸ்குரூ கூட கிடையாது, பசை மட்டும்தான்.

இனி வருவதுதான் உயிர் நாடி. ஏனென்றால் இந்த வெட்டுக்கு வழக்கமான மூடியைப் பொருத்த முடியாது. ஜிக்கே மூடியாக மாற வேண்டும். 'வி'க்கு முன்னும் பின்னும் அடியில் கனமான கட்டைகள். வெளிப்பக்கம், கீழே ஒரு துண்டு அக்ரிலிக் ஷீட். உள்ளே நடப்பது தெரியும், விரல் நுழையாது. தண்டவாளத்தில் ஒரு தடைக்கட்டை. 'வி'யின் நடுப்புள்ளி பிளேடின் உச்சியைத் தாண்டி ஒரு அங்குலம் போனதும் 'டக்' என்று மோதி ஜிக் நின்றுவிடும். அந்த உயரத்தில் 10 அங்குல பிளேடு மேஜைக்கு மேல் 7 அங்குலச் சொச்சம்தான் நீண்டிருக்கும். ஜிக்கோ 15 அங்குலம். ஆகவே கடைசியில் பிளேடு முழுக்க ஜிக்கின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். நம் பக்கம் எட்டிப் பார்க்காது.

பிடித்துத் தள்ள, பழைய இழைப்புளிப் பிடி ஒன்றைப் பலகையின் உச்சியில் பொருத்தினோம். மேஜையிலிருந்து 10 அங்குல உயரம். ஃபிரேமைக் கையால் பிடிப்பதே கிடையாது. இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப்தான் பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஆசாரி சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, பல்லக்கு மாரி இருக்குது?"

"அம்மன் உட்காரப் போகிற பல்லக்குதானே!" என்றேன். பெயர் நிலைத்துவிட்டது.

பல்லக்கு புறப்பாடு

முதலில் ஒரு வேஸ்ட் மூலையில் வெள்ளோட்டம். துளி ஆட்டமில்லை. பிறகு அம்மன் ஃபிரேம். கிளாம்பை இறுக்கினார். சுவிட்ச். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு ஓரமாக நின்று மெதுவாகத் தள்ளினார். தடைக்கட்டையில் 'டக்'. அங்கேயே பிடித்துக் கொண்டு, முழங்காலால் சுவிட்சை அணைத்தார். (சுவிட்சை மேஜைக்குக் கீழே இடம் மாற்றியது அவர் ஐடியா.) பிளேடு முழுசாக நின்ற பிறகுதான் ஃபிரேமை வெளியே எடுத்தார். அவசரப்பட்டுப் பின்னுக்கு இழுப்பது பாதி விபத்துக்கு வாசல்.

நாலு மூலை, நாலு பள்ளம். ஈட்டி மரத் துண்டில் ஒரு நூல் தடிமனுக்குச் சீவிய சில்லுகள். பசை தடவிச் செருகி, காய்ந்ததும் நீட்டிக் கொண்டிருந்ததை உளியால் செதுக்கினார். வெளுத்த மரத்தில் கறுப்பாக ஒரு கோடு. புடவைக்குக் கரை போட்ட மாதிரி!

உங்கள் ஊர் பட்டறையிலும் இந்த மிஷின் இருக்கும். நாலு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். ஓடுகிற ரம்பத்துக்கு முன்னால் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கையுறை மூன்றும் கூடாது. (கையுறை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், பல்லில் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.) பழைய மரமென்றால் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். சிறு துண்டுகளை விரலால் தள்ளாமல் குச்சியால் தள்ளுங்கள். அறுத்துக் கொண்டிருப்பவரை 'டீ வந்தாச்சு' என்று முதுகில் தட்டாதீர்கள்.

மீறி விபரீதம் நடந்தால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. உடனே 108. விரலை ஒட்ட வைக்கிற டாக்டர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே 1971-லிருந்து தனிப் பிரிவு இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். பரசுராமர் தாய் ரேணுகையின் தலையையே வெட்டினார். அப்பாவிடம் வரம் கேட்டார். தாய் உயிரோடு எழுந்தாள். வெட்டியதற்கெல்லாம் வரம் கிடைக்க நாம் ரிஷி புத்திரர்களா? பிளைவுட்டை நம்புவதுதான் உத்தமம்.

ஆடி வெள்ளிக்கு முன்னால் படம் பூஜை அறைக்குப் போய்விட்டது. பல்லக்கு மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது. இப்போது கையாள் பையன் அதில்தான் தொழில் பழகுகிறான். பதினெட்டு முடிந்து வந்த பையன், பத்து விரலும் முழுசாக!

கிளம்புகிற அன்று ஆசாரியிடம், "எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

வழக்கம் போலக் கையை விரித்தார். இரண்டு கையையும்!

"இன்னாங்க ஆசாரி, தொள்ளாயிரத்தைம்பதா?" என்று பர்ஸைத் தொட்டேன்.

"காசு கேக்கல தம்பி. காலைல இருந்து இருவது ஃபிரேம் அறுத்திருக்கிறேன். எல்லாம் இருக்குதான்னு பாத்துக்கினேன்!"